பக்கக் கணக்கு: நிலாவின் கலைகளும் உபோசத நாள்களும்



புனேயில் வாழும் தமிழ்ப் பௌத்தர் இல்லங்கள் பலவற்றில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குவதைக் காணலாம். ஒன்று ஊரிலிருந்து உறவினர் அனுப்பிய சென்னை நாட்காட்டி; மற்றொன்று இவ்வூர்க் கடையில் வாங்கிய மராத்தி நாட்காட்டி. வைசாகப் பௌர்ணமி அணுகும்போது இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவனபோல் தோன்றும். 2023ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். சென்னை நாட்காட்டி அந்நாளைச் சித்திரா பௌர்ணமி என்றது. மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கிய நாளும் அதுவே. மராத்தி நாட்காட்டியோ அதே நாளைப் புத்த பூர்ணிமை என்றது. சிங்கப்பூரில் உள்ள நம்மவர் ஜூன் 2ஆம் நாளும், தாய்லாந்துப் பௌத்தர் ஜூன் 3ஆம் நாளும் வைசாக விழாக் கொண்டாடினர். அதற்கு முன் 2018ஆம் ஆண்டில் இலங்கையில் ஏப்ரல் 29ஆம் நாள் வெசாக் போயா. இந்தியாவிலோ ஏப்ரல் 30ஆம் நாள் புத்த பூர்ணிமை.

வானத்தில் இருப்பது ஒரே நிலா. அங்ஙனமிருக்க நாள்கள் வேறுபடுவானேன்? இவற்றுள் எது சரி?

இதைச் சிறிய கேள்வி என்று தள்ளிவிடுதல் இயலாது. ஆலையிலும் பணிமனையிலும் உழைக்கும் ஒருவர் ஆண்டில் ஒரு நாள் ஊதியத்தை விட்டு விகாரைக்கு வருகின்றார். அந்நாள் தவறான நாள் என்று பின்னர் யாரேனும் சொன்னால் அவர் மனம் வருந்தும். ஒரே தெருவில் இரு வீட்டார் இரு வேறு நாள்களில் சீலம் மேற்கொண்டு, ஒருவரை ஒருவர் குறை கூறுதலும் நேரும். இறுதியில், எது சரியான நாள் என்று கேட்டறியப் பஞ்சாங்கம் பார்ப்பவர் திண்ணைக்கே திரும்பச் செல்வாரும் உளர். டாக்டர் அம்பேத்கர் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் மக்களுக்கு அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள், பிராமணர் வாயிலாக எச்சடங்கும் செய்விப்பதில்லை என்பதும் ஒன்று. அவ்வுறுதி மொழிந்த நாம், நாள் அறிவதற்கு மட்டும் பிறர் வாயைப் பார்த்திருத்தல் பொருந்துமா? நாளை நாமே அறிந்துகொள்ள இயலும். அதற்கு வேண்டிய அறிவை இப்பாடத்தில் படிப்படியாகக் காண்போம்.

கலைகள் தோன்றும் வகை

நிலாவுக்குத் தன்னொளி இல்லை. ஞாயிற்றின் ஒளி அதன்மேல் பட்டு நம்மிடம் திரும்புகின்றது. நிலா உருண்டையாதலின், அதன் ஒரு பாதி எப்பொழுதும் ஒளியிலும் மற்றொரு பாதி எப்பொழுதும் இருளிலும் இருக்கும். ஒளி பெற்ற பாதியில் நாம் காணக்கூடிய பகுதி நாளுக்கு நாள் மாறுவதையே வளர்தல் என்றும் தேய்தல் என்றும் கூறுகின்றோம்.

பூமியின் நிழல் விழுவதால் பிறை உண்டாகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. பூமியின் நிழல் நிலாவின்மேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. உண்மையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருண்ட அறையில் தலை உயரத்தில் ஒரு விளக்கை வைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தைக் குச்சியில் செருகிக் கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். விளக்கை நோக்கி நின்றால் பழத்தின் இருண்ட பக்கமே உங்களுக்குத் தெரியும், அஃது அமாவாசை. அங்கிருந்து இடப்புறமாகக் கால்வட்டம் திரும்பினால் பழத்தின் வலப் பாதி ஒளிரும். அது வளர்பிறை எட்டாம் நாளின் அரைநிலா. மேலும் கால்வட்டம் திரும்பி விளக்கு முதுகுப்புறம் இருக்குமாறு நின்று, உங்கள் தலையின் நிழல் படாதபடி பழத்தைச் சிறிது உயர்த்தினால் முழுவதும் ஒளிரும், அது பௌர்ணமி. இன்னும் கால்வட்டம் திரும்பினால் இடப் பாதி ஒளிரும். அது தேய்பிறை எட்டு.

பழத்தை உயர்த்தாமல் தலையின் நிழலிலேயே பிடித்தால் அது கிரகணம். ஒவ்வொரு பௌர்ணமியிலும் கிரகணம் நேராமைக்குக் காரணமும் இதிலேயே விளங்கும். நிலாவின் பாதை, பூமி ஞாயிற்றைச் சுற்றும் தளத்துக்கு ஐந்து பாகைக்குச் சற்று மேலாகச் சாய்ந்துள்ளது. ஆதலின் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நம் நிழலுக்கு மேலோ கீழோ ஒதுங்கிச் சென்றுவிடுகின்றது.

நிலாவில் ஓரிடத்தில் நிற்பவருக்கு ஏறக்குறைய இரு வாரம் பகலும் இரு வாரம் இரவும் இருக்கும். நம் நாட்டு அறிஞர் சந்திரயான்-3 கலத்தை இறக்க 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாளைத் தேர்ந்ததும் இக்கணக்கினாலேயே. அது வளர்பிறை அரைநிலாவுக்கு முந்திய நாள். இறங்குமிடத்தில் அப்பொழுதுதான் விடிந்திருந்தது. கதிரொளியால் இயங்கும் கருவிகளுக்கு ஒரு முழு நிலாப்பகல் கிடைத்தது. அங்கே அந்தி நெருங்கியதும் செப்டம்பர் முதல் வாரத்தில் அக்கருவிகள் உறங்க வைக்கப்பட்டன. நிலாவின் கலையை அறிதல் ஏட்டுக் கல்வி மட்டுமன்று என்பதற்கு இது சான்று.

எழும் நேரமும் மறையும் நேரமும்

கலை எதுவோ அதற்கேற்பவே நிலா எழும் நேரமும் அமையும். அமாவாசையன்று அது ஞாயிற்றுடன் எழுந்து ஞாயிற்றுடன் மறைகின்றது. பின்னர் நாள்தோறும் சராசரியாக ஐம்பது நிமிடம் பிந்தி எழுகின்றது.

புனே நகரம் இந்தியப் பொது நேரத்தின் அடிப்படைக் கோட்டுக்கு மேற்கே எட்டரைப் பாகைக்கு மேல் தள்ளி இருத்தலின், இங்கே ஞாயிறு உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12 மணி 35 நிமிட அளவில். அதனை ஒட்டி நிலாவின் நேரங்களும் அமையும். வளர்பிறை எட்டாம் நாள் நிலா இங்கே பகல் பன்னிரண்டரை மணியளவில் எழுந்து, ஞாயிறு மறையும்போது உச்சியில் நின்று, நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை மணியளவில் மறையும். பௌர்ணமி நிலா ஞாயிறு மறையும்போது எழுந்து, ஞாயிறு எழும்போது மறையும். தேய்பிறை எட்டாம் நாள் நிலா நள்ளிரவு கடந்து எழுந்து, விடியலில் உச்சியில் நிற்கும். பருவத்துக்கேற்ப இந்நேரங்கள் சிறிது முன்பின்னாகும், முறை மாறாது.

எனவே, நாட்காட்டி கையில் இல்லாதபோதும் நாம் திகைக்க வேண்டுவதில்லை. மாலையில் மேற்கே பிறை தெரிந்தால் வளர்பிறை. விடியலில் கிழக்கே தெரிந்தால் தேய்பிறை. பௌர்ணமியை அடுத்த நாள்களில் மாலை வேளையில் கீழ்வானத்தைப் பாருங்கள். ஞாயிறு மறையுமுன் நிலா எழுந்திருந்தால் நிறைவு இன்னும் வரவில்லை. மறைந்து நெடுநேரம் கழித்து எழுந்தால் நிறைவு கடந்துவிட்டது.

இரு வகைச் சுற்று

நிலா ஒரு விண்மீனை விட்டு மீண்டும் அதே விண்மீனை அடைய 27 நாள் 7 மணி 43 நிமிடம் ஆகின்றது. நாண்மீன்கள் இருபத்தேழு எனப் பண்டையோர் வகுத்தது இதனாலேயே. ஆனால் அதற்குள் பூமி தன் பாதையில் நகர்ந்துவிடுவதால், ஞாயிறும் விண்மீன்களிடையே இடம் மாறித் தோன்றுகின்றது. நிலா அதனை எட்டிப் பிடிக்க மேலும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டும். ஆகவே ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை சராசரி 29 நாள் 12 மணி 44 நிமிடம்.

இது சராசரியே. நிலாவின் பாதை சரியான வட்டம் அன்று, நீள்வட்டம். நமக்கு அருகே வரும்போது நிலா விரைந்தும், தொலைவில் இருக்கும்போது மெல்லவும் செல்கின்றது. அதனால் ஒரு மாதம் ஏறக்குறைய 29 நாள் 6 மணியாகக் குறைதலும், 29 நாள் 20 மணியாக மிகுதலும் உண்டு.

பௌர்ணமி நிலா எந்த நாண்மீனை ஒட்டி நிற்கின்றதோ அதன் பெயரே மாதத்துக்கு வந்தது. விசாகத்தை ஒட்டி நிறைவது வைசாகம். நம் மணிமேகலைக் காப்பியமும், கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி தோன்றும் நாளைக் கூறுமிடத்து, இளவேனிற் காலத்தில் ஞாயிறு இடப இராசியில் நிற்க, கார்த்திகை முதலாக எண்ணி நடுவில் வரும் மீனாகிய விசாகத்தையே குறிக்கின்றது. பகவர் பிறந்த நாளும் அதுவே என்பது அக்காப்பியத்தின் கருத்து. ஆகவே வைசாக நாள் தமிழர்க்குப் புதிதன்று.

ஆனால் இன்றைய தமிழ் மாதம் நிலாவைக் கொண்டு எண்ணப்படுவதன்று. ஞாயிறு இராசி மாறுவதைக் கொண்டே சித்திரையும் வைகாசியும் பிறக்கின்றன. மராத்தியர் மாதமோ அமாவாசையோடு முடியும் நிலா மாதம். எனவே வைசாகப் பௌர்ணமி மே மாத நடுவுக்கு முன் வருமாயின் தமிழ்க் கணக்கில் அது சித்திரையில் அடங்கிச் சித்திரா பௌர்ணமி எனப் பெயர் பெறும். பின் வருமாயின் வைகாசியில் அடங்கும். 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் நிகழ்ந்தது இதுவே. பெயர் இரண்டு, நிலா ஒன்று. முதற் கேள்விக்கு விடை இது.

திதி வேறு, நாள் வேறு

ஞாயிற்றை விட்டு நிலா விலகிச் செல்லும் கோணத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டு பாகையாகப் பிரித்தால் முப்பது பகுதிகள் கிடைக்கும். ஒவ்வொரு பகுதியும் ஒரு திதி. திதியின் சராசரி அளவு 23 மணி 37 நிமிடம். ஆனால் நிலாவின் வேகம் மாறுவதால் அது சுமார் 20 மணியாகக் குறையும், சுமார் 27 மணியாக நீளும். பௌர்ணமித் திதி முடியும் கணத்தில் நிலா ஞாயிற்றுக்கு நேர் எதிரே நிற்கின்றது. அந்தக் கணம் உலகம் முழுமைக்கும் ஒன்றே. சென்னைக்கு ஒன்று, புனேக்கு ஒன்று, கொழும்புக்கு ஒன்று என்பது இல்லை.

வேறுபடுவது நாள். திதி நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவதில்லை; அது எந்த நேரத்திலும் தொடங்கும், எந்த நேரத்திலும் முடியும். அவ்வாறு இரு நாள்களில் படிந்து கிடக்கும் திதியை எந்த நாளுக்கு உரியதாக்குவது என்பது மனிதர் வகுத்த விதி. ஞாயிறு எழும்போது எந்தத் திதி உள்ளதோ அந்நாள் அத்திதிக்கு உரியது என்பது பஞ்சாங்கக்காரர் பொதுவிதி. திதி நிலவும் இரவையே முதன்மையாகக் கொள்வாரும் உளர்.

இனி 2018ஆம் ஆண்டைப் பாருங்கள். பௌர்ணமித் திதி ஏப்ரல் 29ஆம் நாள் காலை ஆறரை மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி, 30ஆம் நாள் காலை 6 மணி 28 நிமிடத்தளவில் முடிந்தது. புனேயில் அன்று ஞாயிறு எழுந்தது ஏறத்தாழ 6 மணி 8 நிமிடத்தில். ஆக, 30ஆம் நாள் விடியலில் இருபது நிமிட நேரமே பௌர்ணமித் திதி எஞ்சியிருந்தது. விடியலை விதியாகக் கொண்ட இந்திய நாட்காட்டி அந்த இருபது நிமிடத்தைக் கொண்டு 30ஆம் நாளைப் பௌர்ணமி என்றது. இலங்கையிலோ திதியின் பகலும் இரவும் அமைந்த 29ஆம் நாளே போயா ஆயிற்று. அன்றிரவு வானத்தில் முழுநிலா நின்றதைக் கண்டோர் இலங்கையரைக் குறை சொல்ல மாட்டார்; விதியை அறிந்தோர் இந்தியரையும் குறை சொல்ல மாட்டார்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. சென்னைக்கும் புனேக்கும் ஆறரைப் பாகை அளவு தீர்க்கரேகை வேறுபாடு உள்ளது. ஆதலின் இரவும் பகலும் ஒத்த நாள்களில் சென்னையில் ஞாயிறு எழுந்து 26 நிமிடம் கழித்தே இங்கே எழுகின்றது. ஏப்ரல் இறுதியில் இவ்வேறுபாடு இருபது நிமிட அளவாகும். மேற்கூறிய திதி 6 மணி 28 நிமிடத்துக்குப் பதிலாகச் சரியாக 6 மணிக்கு முடிந்திருந்தால், சென்னையில் விடியலில் பௌர்ணமி இருந்திருக்கும். புனேயில் விடியுமுன் முடிந்திருக்கும். சென்னைப் பஞ்சாங்கம் 30 என்றும் புனேப் பஞ்சாங்கம் 29 என்றும் எழுதியிருக்கும். இருவரும் தத்தம் விதியில் தவறாதவரே. இவற்றின்மேல், தமிழ்நாட்டில் பழைய வாய்பாட்டைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கமும், வானத்து நிலையோடு பொருந்தக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் தம்முள் வேறுபடுகின்றன.

இக்குழப்பத்தைக் குறைக்கவே இந்திய அரசு 1952ஆம் ஆண்டில் மேகநாத சாகா தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. அதன் பயனாக 1957ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசு வெளியிடும் இராஷ்டிரீயப் பஞ்சாங்கம் இன்றைய வானியல் கணிதத்தைக் கொண்டே திதிகளைக் கூறுகின்றது.

பகவர் கற்பித்த கணக்கு

நாளை வகுப்பது மனிதர் விதியே என்று அறிந்தோம். இனி நம் அறநூல் இதுபற்றி யாது கூறுகின்றது?

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் உபோசதம் தோன்றிய வரலாறு உள்ளது. பகவர் இராசகிருகத்தில் கழுகுமலையில் தங்கியிருந்தபோது, மகத மன்னன் பிம்பிசாரன் ஒன்று கண்டான். பிற சமயத் துறவிகள் பக்கத்தின் எட்டாம் நாளும் பதினான்காம் நாளும் பதினைந்தாம் நாளும் கூடி அறம் உரைக்க, மக்கள் திரண்டு கேட்டனர். நம் பிக்குகளும் அவ்வாறு கூடினால் நன்றன்றோ என்று அவன் வேண்டினான். பகவரும் இசைந்தார். ஆகவே, உபோசத நாள்கள் வானத்திலிருந்து கட்டளையாக இறங்கியவை அல்ல. மக்கள் கூடுவதற்கு ஏற்ற நாள்கள் என்பதனாலேயே கொள்ளப்பட்டன. விளக்கு அரிய அக்காலத்தில் நிலவொளி வழித்துணையாக இருந்ததையும் நினைவிற் கொள்க.

அதே பகுதியில் மற்றொரு செய்தி உண்டு. பிச்சைக்குச் சென்ற பிக்குகளை, இன்று பக்கத்தின் எத்தனையாம் நாள் என்று மக்கள் கேட்டனர். பிக்குகள் அறியோம் என்றனர். பக்கக் கணக்குத்தானும் அறியாத இவர்கள் வேறு எந்த நன்மையை அறிவர் என்று மக்கள் இகழ்ந்தனர். இதனைக் கேட்ட பகவர், பக்கக் கணக்கைக் கற்க இசைவளித்தார். யார் கற்பது என்ற ஐயம் எழுந்தபோது, அனைவரும் கற்க வேண்டும் என்று விடை கூறினார். ஒருவர் மட்டும் அறிந்து மற்றவர் அவரை நம்பியிருக்கும் முறையை அவர் ஏற்படுத்தவில்லை. இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே.

பௌத்தக் கணக்கு எளிது. ஆண்டுக்கு வேனில், மாரி, பனி என மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் எட்டுப் பக்கம். அவற்றுள் மூன்றாவதும் ஏழாவதும் பதினான்கு நாள். ஏனையவை பதினைந்து நாள். ஆக ஒரு பருவம் 118 நாள். மூன்று பருவம் 354 நாள். பன்னிரண்டு நிலா மாதங்களின் உண்மை அளவு 354 நாளுடன் ஏறத்தாழ 9 மணி. கருவி ஏதுமின்றிக் கைவிரல் விட்டு எண்ணும் கணக்கு, ஓராண்டில் அரை நாளும் பிழையாதவாறு அமைந்திருத்தலைக் கண்டு வியக்கலாம். மூன்று ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டினால் அப்பிழையும் நீங்கும்.

கார்லாக் குகையில் ஒரு நாள்

இக்கணக்கு ஏட்டில் மட்டும் கிடந்ததன்று. புனேயிலிருந்து லோணாவளா செல்லும் வழியில் கார்லா, பாஜா, பேட்சே ஆகிய குகைகள் உள்ளன. நம்மிற் பலர் குடும்பத்தோடு சென்று வணங்கிய இடங்கள் அவை. கார்லாவின் பழம்பெயர் வலூரகம். அங்குள்ள கல்வெட்டு ஒன்று, வலூரகக் குகைகளின் சங்கத்தார்க்கு ஓர் ஊர் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. அதன் காலக் குறிப்பு வருமாறு: சாதவாகன மன்னன் வாசிட்டீபுத்திர புலுமாவியின் ஏழாம் ஆட்சியாண்டு, வேனிற் பருவத்தின் ஐந்தாம் பக்கம், முதல் நாள். மாதப் பெயரும் இல்லை. கிழமைப் பெயரும் இல்லை. விநயத்தில் கண்ட அதே பருவமும் பக்கமுமே கல்லில் நிற்கின்றன.

பௌத்த முறைப்படி இதனை எண்ணிப் பார்ப்போம். பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள் வேனில் தொடங்கும். முதல் இரண்டு பக்கங்கள் சைத்திரத்தின் தேய்பிறையும் வளர்பிறையும். அடுத்த இரண்டு வைசாகத்தின் தேய்பிறையும் வளர்பிறையும். நான்காம் பக்கம் வைசாகப் பௌர்ணமியோடு முடிகின்றது. ஐந்தாம் பக்கத்தின் முதல் நாள் அதற்கு மறுநாள். அக்கல்வெட்டிலும் இம்முறையே வழங்கிற்று என்று கொள்ளின், ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்னர், வைசாக விழாவின் மறுநாள் காலையில் அக்கொடை எழுதப்பட்டது என்றாகின்றது.

அக்குகைகளில் மாரிக்காலம் கழித்த பிக்குகளுக்குப் பக்கக் கணக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை இவ்வூரில் வாழும் நமக்கு எடுத்துரைக்க வேண்டா. ஜூன் முதல் செப்டம்பர் வரை சகியாத்திரி மலைமேல் முகில் கவிந்து கிடக்கும். பல இரவுகள் நிலாவே தோன்றாது. மழைக்கால உறைவு தொடங்கும் ஆடிப் பௌர்ணமியும் அதனை அடுத்து வருவனவும் அம்முகில் மறைவிலேயே நிகழ்கின்றன. கண் காணாதபோது கணக்கே கண்ணாகும்.

மிகுதி மாதம்

நிலா ஆண்டு ஞாயிற்றாண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைவு. அப்படியே விட்டுவிட்டால் மூன்று ஆண்டுகளில் ஒரு மாத அளவு பின்தங்கி, வைசாகம் வேனிலை விட்டு விலகிவிடும். அதனைத் தடுக்க அவ்வப்போது ஒரு மாதம் மிகுதியாகச் சேர்ப்பர். பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு மாதம் சேர்த்தால் மொத்தம் 235 மாதமாகி, இரு கணக்கும் இரண்டு மணி நேர வேறுபாட்டில் ஒன்றிவிடும்.

அம்மாதத்தை எந்த ஆண்டில், எவ்விடத்தில் சேர்ப்பது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. தாய்லாந்துக் கணக்கில் மிகுதி மாதம் உடைய ஆண்டில் வைசாக விழாவை ஒரு பௌர்ணமி தள்ளிவைப்பர். 2023ஆம் ஆண்டு அத்தகையது. இந்தியக் கணக்கில் அவ்வாண்டு மிகுதி மாதம் வைசாகத்துக்குப் பின்னரே, சிராவணத்தில் வந்தது. ஆகவே மே மாதத்துக்கும் ஜூன் மாதத்துக்கும் உள்ள வேறுபாடு கொள்கை வேறுபாடு அன்று. கணக்கு வழக்கத்தின் வேறுபாடு.

இதற்கும் மகாவக்கத்தில் முன்மாதிரி உண்டு. பிம்பிசார மன்னன் ஒருமுறை, மழைக்கால உறைவை அடுத்த பௌர்ணமியில் தொடங்குமாறு பிக்குகளை வேண்டினான். பகவர் மறுக்கவில்லை, அரசர் கணக்குக்கு இசைந்து நடக்க இசைவளித்தார். நாட்கணக்கு ஊரார் ஒத்து வாழ்வதற்கு உரியது. பிரிந்து பூசலிடுவதற்கு உரியதன்று.

ஒத்து வாழ்தலின் அருமைக்கு இலங்கையின் அனுபவமும் சான்றாகும். அங்கே 1966ஆம் ஆண்டு முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக நான்கு போயா நாள்களை வார விடுமுறையாக்கினர். நிலா மாதத்தின் கால் பகுதி ஏழு நாளும் ஒன்பது மணியும் ஆதலின், விடுமுறைகளின் இடைவெளி ஒருபடித்தாய் அமையவில்லை. பிற நாட்டாரோடு வாணிகம் செய்தலும் இடர்ப்பட்டது. 1971ஆம் ஆண்டில் மீண்டும் ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பினர். பௌர்ணமிப் போயா மட்டும் பொது விடுமுறையாக இன்றும் நிலைத்துள்ளது.

நல்ல நாளும் கெட்ட நாளும்

நிலாவின் கணக்கை அறிதல் வேறு. நிலாவுக்கு அஞ்சுதல் வேறு. விநயத்தின் சுல்லவக்கம், காட்டில் வாழும் பிக்குகள் நாண்மீன்களையும் திசைகளையும் கற்றிருக்க வேண்டும் என்கின்றது. ஆனால் பிரமசால சூத்திரம், கிரகணமும் கோள்நிலையும் கூறிப் பலன் உரைத்துப் பிழைத்தலை இழிதொழிலாக ஒதுக்குகின்றது. அறிவுக்காகக் கற்பது ஏற்புடையது. அச்சத்தை விற்றுப் பிழைப்பது ஏற்புடையதன்று.

நட்சத்திர சாதகக் கதையையும் நினைவு கூர்க. நகரத்தார் ஒரு குடும்பத்தினர் நாட்டுப்புறத்தில் பெண் பேசி நாளும் குறித்தனர். தம்மைக் கேளாமல் நாள் குறித்தார்களே என்று சினந்த ஆசீவகத் துறவி, அந்நாள் ஆகாத நாள் என்றார். அவர்கள் அன்று செல்லவில்லை. காத்திருந்த பெண் வீட்டார் வேறொருவனுக்குப் பெண்ணை மணம் செய்வித்தனர். மறுநாள் வந்தவர்க்குப் பூசலே கிட்டிற்று. வேண்டிய காரியம் கைகூடுவதே நல்ல நாள் என்பது அக்கதையின் தெளிவு.

தமிழ்நாட்டில் அமாவாசையை நிறைந்த நாள் என்று சொல்லிப் புதுக்காரியம் தொடங்குவோர் பலர். மகாராட்டிரத்திலோ அமாவாசையன்று புதுக்காரியம் தொடங்க அஞ்சுவோர் பலர். தொடர்வண்டியில் ஓர் இரவு பயணம் செய்வதற்குள் நல்ல நாள் கெட்ட நாளாகுமாயின், அக்குற்றம் நிலாவினிடத்தில் இருத்தல் கூடுமா? நம் ஊரார் அட்டமி, நவமி என்று ஒதுக்குகின்றனர். அந்த அட்டமியே பௌத்தர்க்குச் சீலம் மேற்கொள்ளும் உபோசத நாள்.

இதற்கு இவ்வூரிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. டாக்டர் அம்பேத்கர் தேகு ரோடு விகாரையில் பகவரின் திருவுருவை நிறுவியது 1954ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள். அன்று அமாவாசை. அது மட்டுமன்று; தென் ஆப்பிரிக்கா தொடங்கி இந்தோனேசியா வரையிலான நிலப்பகுதிகளும் கடற்பரப்பும் கண்ட கங்கண சூரிய கிரகணமும் அன்றே நிகழ்ந்தது. பழைய பஞ்சாங்க நெறியில் நின்று பார்ப்பவர் அதைவிடத் தீய நாளைச் சுட்டுவது அரிது. அந்நாளை நாம் ஆண்டுதோறும் வணக்கத்தோடு நினைக்கின்றோம்.

அடுத்து, பகவரின் 2500ஆம் ஆண்டு நிறைவு விழா 1956ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் வைசாகப் பௌர்ணமியன்று இந்தியா எங்கும் கொண்டாடப்பட்டது. அன்று பம்பாய் நரே பூங்காவில் டாக்டர் அம்பேத்கர், அக்டோபர் மாதத்தில் பௌத்தம் தழுவப்போவதாக அறிவித்தார். அன்றிரவு ஒன்பது மணியளவில் நிலாவின் ஏறத்தாழ முழு வட்டமும் பூமியின் நிழலில் மறைந்திருந்தது. சொன்னவாறே அக்டோபர் 14ஆம் நாள் தீட்சை நிகழ்ந்தது. அது வளர்பிறைத் தசமி, அசோக விசயதசமி. ஆக, நம் வரலாற்றின் மூன்று பெருநாள்கள் ஓர் அமாவாசையிலும் ஒரு பௌர்ணமியிலும் ஒரு பத்தாம் பிறையிலும் அமைந்தன. அவற்றுள் இரண்டு கிரகண நாள்கள். அந்நாள்களைச் சிறப்புடையன ஆக்கியது நிலாவன்று. அன்று செய்யப்பட்ட செயல்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது: ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு சிறு ஏடு வைத்து, நிலா தெரியும் நாள்களில் அது எழுந்த நேரத்தையும் உருவத்தையும் சிறுவரைக் கொண்டு குறித்து வைக்கச் செய்க. ஒரு மாதம் குறித்தால் இப்பாடம் முழுவதும் கண்ணால் கண்டதாகும்.

இரண்டாவது: ஒரு பௌர்ணமியைத் தொடக்கமாகக் கொண்டு பக்கங்களை எண்ணி வருக. மழைக்காலத்தில் இக்கணக்கையே நம்பி, பின்னர் வானம் வெளுத்தபோது ஒத்துப் பார்க்க.

மூன்றாவது: இரு நாட்காட்டிகள் வேறுபடின், சங்கத்தார் கூடி ஒரு நாளைத் தேர்ந்து அனைவரும் அந்நாளையே கொள்க. வேறு நாளில் கொண்டாடும் பிற நாட்டாரையும் பிற ஊராரையும் இகழாதிருக்க.

நான்காவது: விடுமுறை கிடைக்காத தொழிலாளத் தோழர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் சீலம் மேற்கொள்ளின், அதனை எவரும் குறைவாக எண்ணற்க. ஐந்து சீலமும் முப்பது திதிக்கும் உரியவை.

பயிற்சி வினாக்கள்

1. பிறை தோன்றுவதற்குப் பூமியின் நிழல் காரணம் அன்று என்பதை வீட்டில் எவ்வாறு காட்டலாம்?
2. ஒரு நாள் மாலை ஞாயிறு மறையும்போது அரைநிலா உச்சியில் நின்றது. அது வளர்பிறையா, தேய்பிறையா? புனேயில் அது எம்மணியளவில் மறையும்?
3. பௌர்ணமியின் கணம் உலகுக்கெல்லாம் ஒன்றாயிருக்க, பௌர்ணமி நாள் ஊருக்கு ஊர் வேறுபடுவது ஏன்?
4. வேனிற் பருவத்தின் ஐந்தாம் பக்கம் முதல் நாள் எந்தப் பௌர்ணமிக்கு மறுநாள்? எண்ணிக் காட்டுக.
5. பக்கக் கணக்கை ஒருவர் மட்டும் கற்றால் போதாது, அனைவரும் கற்க வேண்டும் என்று பகவர் கூறியதன் கருத்து யாது?

இவ்வினாக்களை அடுத்த உபோசதக் கூட்டத்தில் பெரியோரும் சிறுவரும் ஒருங்கிருந்து விடை காணுமாறு வேண்டுகின்றோம். அந்தக் கூட்டம் எந்நாள் என்பதை, இம்முறை எவரையும் கேளாது, நீங்களே எண்ணி அறிந்து வருக.